பத்துப்பாத்திரம்

எங்கள் வீட்டு டிஷ்வாஷரைப் பற்றி என் மாமியார் சொன்ன குறையை, வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற என்னால் மறுக்க முடியவில்லை. "எல்லார் எச்சிலும் ஒரே ஜலத்துல கலந்து சுத்திண்டிருக்கு. இதுக்குப் பேர் அலம்பறதாடி?" என்று கேட்டார். நடப்பது அதுதான். மெஷின் தன் அடிக்குழியில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பம்ப் அந்தச் சூடான தண்ணீரை, சுழலும் கைகளின் ஓட்டைகள் வழியே பீய்ச்சுகிறது. தட்டில் பட்டு வழிந்த தண்ணீர் வடிகட்டி வழியாகக் குழிக்கு வந்து மறுபடி மேலே போகிறது. ஒரு கட்டம் முடிந்ததும் அதை வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கும். எல்லாக் கட்டமும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் அதைப்போலப் பல மடங்கு போகும். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால்தான் அந்தச் சிக்கனம்.

அம்மாவின் சட்டம் வேறு. மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஓடுகிற தண்ணீர் சுத்தம் செய்யும். ஒருவர் எச்சில் பட்ட தண்ணீர் இன்னொருவர் தட்டில் பட்டால் அந்தத் தட்டும் எச்சில். கடைசியில் புதுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க அலசுகிறதே என்றேன். "கடைசி ஜலம்தான் சுத்தம் பண்றதுன்னா முன்னாடி விட்ட ஜலமெல்லாம் எதுக்கு?" இந்த மாதிரிக் கேள்வி கேட்கும் ஒரு பிள்ளை வகுப்புக்கு வாய்த்தால் அந்த வருஷம் முழுக்க டீச்சருக்குத் தூக்கம் போய்விடும்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். 1984-ல் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் காலேஜ் வந்தபின் என் கணவருக்கு அங்கே வேலை கிடைத்து, நாங்கள் இங்கே வீடு கட்டிக்கொண்டோம். மதுரை ரோட்டிலிருந்து வத்திராயிருப்புக்குத் திரும்பும் இடம் இது. அமாவாசை, பௌர்ணமி வந்தால் சதுரகிரிக்குப் போகிற கூட்டம் முக்கில் இறங்கி நிற்கும். மேற்கே மலை தெரியும். மலை தெரிகிறதே, தண்ணீரும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

மெஷின் வந்ததற்குக் காரணம் வசதி அல்ல. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. சோப்புத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆள் வைத்தால் அவருக்குச் சம்பளம் போய்விடும். பெங்களூரில் இருக்கும் என் பையன் மெஷின் வாங்கி அனுப்பினான். அவர் வருவது நிற்கவில்லை. தட்டில் ஒட்டியதை வழித்துவிட்டு அடுக்குவது, முடிந்ததும் எடுத்து வைப்பது, வீடு பெருக்குவது எல்லாம் அவர்தான். அவர் காபி குடிக்க ஒரு எவர்சில்வர் தம்ளர் உண்டு. கொல்லைப்புற ஜன்னல் விளிம்பில், மற்றப் பாத்திரங்களோடு சேராமல் இருக்கும். அம்மா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். மெஷின் வந்த பிறகு அவரே அதையும் எங்கள் தம்ளர்களோடு மேல்தட்டில் கவிழ்த்து வைத்தார். அவருக்கு அதில் கொள்கை ஒன்றுமில்லை. கையால் தேய்க்க முடியாததால் வைத்தார்.

அதன்பிறகு சில வாரங்களில் தம்ளர்களெல்லாம் வெளுத்தன. கண்ணாடி டம்ளர்களில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு படலம். கையால் தேய்த்தால் மங்குமே தவிர போகாது. அம்மாவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? "பத்து கலந்தா இப்படித்தான். பகவான் கண்ணுக்குத் தெரியற மாதிரி காட்டிட்டான்" என்றார். பத்து என்றால் எச்சில் தீட்டு. யாருடைய பத்து என்று சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

இங்கே இரண்டு பேர் ஒரே வெள்ளைப் படலத்தைப் படிக்கிறோம். அம்மா அதை ஒரு குறிப்பாகப் படிக்கிறார். பல்லி சொல்வதையும் விளக்கு அணைவதையும் படிக்கிற மாதிரி. நான் அதை வீழ்படிவு என்று படிக்கிறேன். இரண்டுமே படிப்புதான். என் படிப்பைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் வித்தியாசம். டம்ளரில் கொஞ்சம் வினிகர் ஊற்றி வைத்தேன். படலம் கரைந்தால் அது கால்சியம் கார்பனேட். கரையாமல் கண்ணாடியே மங்கியிருந்தால் மேற்பரப்பு அரித்துப்போயிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது. கரைந்தது. குமிழி வந்ததைக்கூட அம்மாவுக்குக் காட்டினேன்.

தண்ணீரையும் பழைய பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் ஈ.டி.டி.ஏ. கொண்டு தரம்பார்த்தேன். ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற அந்தச் சோதனையை எத்தனையோ பிள்ளைகளைச் செய்யவைத்திருக்கிறேன். வீட்டுத் தண்ணீருக்குச் செய்தது இப்போதுதான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. எங்கள் போர் அந்த 600-ஐயும் தாண்டியது. இப்படிப்பட்ட தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படியும். இதற்காகத்தான் மெஷினுக்குள் ஒரு ரெசின் அறை இருக்கிறது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து ரெசின் நிறைந்துபோனால் உப்புக் கரைசல்தான் அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எங்கள் மெஷினில் உப்பறை காலி. அதைவிட மோசம், தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப வைக்க வேண்டிய அளவு, கம்பெனியில் வைத்து அனுப்பிய இடத்திலேயே இருந்தது. அது மென்மையான தண்ணீருக்கான அளவு. பொருத்திக் கொடுக்க வந்தவர் இதைச் சொல்லவே இல்லை.

உப்பு போட்டேன், அளவை ஏற்றினேன், வெறும் மெஷினை ஒரு முறை ஓட்டினேன். தம்ளர்கள் தெளிந்தன. அம்மாவும் தூக்கிப் பார்த்தார். "உப்பு போட்டியா? உப்புக்குத் தோஷத்தை எடுக்கற சக்தி உண்டு" என்றார். திருஷ்டி கழிக்கவும் உப்புதானே. என் சோதனை என் கட்சிக்கு வெற்றி என்று நான் நினைத்திருக்க, அம்மா அதைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

இது தீர்ந்த கொஞ்ச நாளில் மெஷின் நடுவழியில் நின்று ஊளையிட்டது. திரையில் ஒரு எழுத்தும் எண்ணும். அடியில் சாம்பார் நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கம்பெனிக்குப் போன் செய்தால், மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும், உங்கள் பக்கம் வேறு வேலையும் சேரட்டும் என்றார்கள். இந்த மெஷின்களுக்கு நம் ஊர்ப்பக்கம் வைத்தியம் அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. ஆக, கோளாறு போகிற வழியில் எங்கேயோ இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்கியதை மொண்டு ஊற்றினோம். வெளிக்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அடியில் உருளை வடிகட்டியைத் திருகி எடுத்தேன். கறிவேப்பிலை, கடுகு, தேங்காய்ச் சக்கை. அதைக் கழுவி வைத்தும் ஊளை நிற்கவில்லை. வடிகட்டி இருந்த குழிக்குள், பம்ப்பின் மூடியைக் கழற்றிவிட்டு விரலை விட்டுத் துழாவினால், சின்ன விசிறியின் இதழில் ஒரு புளியங்கொட்டை சிக்கியிருந்தது. வடிகட்டி சரியாக உட்காரவில்லையென்றால் அதன் ஓரமாக இப்படி ஏதாவது நழுவிப்போகும். எடுத்தேன், ஓடியது. இந்த முறை அம்மா எந்த வியாக்கியானமும் சொல்லவில்லை. புளியங்கொட்டை யார் எச்சிலும் இல்லை.

கோளாறு பார்ப்பது என்பது இடம் பிரிப்பதுதான். தண்ணீரிலா, மெஷினிலா, பாத்திரத்திலா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். இதே மாதிரி எச்சிலையும் பிரித்துப் பார்த்தால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

முதலில், எச்சில் என்ற பொருள். பள்ளி ஆய்வகத்தில் கஞ்சியில் அயோடின் விட்டு நீலக்கறுப்பாக்கி, அதில் எச்சிலைச் சேர்க்கச் சொல்வோம். கொஞ்ச நேரத்தில் நிறம் மறைந்துவிடும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சில பேர் துப்பமாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். ஒருவர் சோதனைக்குழாயை மற்றவர் தொடமாட்டார். வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்டு. எல்லாக் குழாயிலும் நிறம் மறைந்தது.

டிஷ்வாஷர் மாத்திரையின் உறையைப் படித்தால் நொதிகள் என்று போட்டிருக்கும். அதில் ஒன்று இதே அமைலேஸ் வகை. நம் வாயிலிருந்து எடுத்ததல்ல. பேசில்லஸ் இனப் பாக்டீரியாவிலிருந்து தயாரிப்பது. காய்ந்து ஒட்டிய பருக்கையைத் தட்டிலிருந்து கழற்றுவது அதுதான். வாய்க்குள் எச்சில் பார்க்கிற வேலையை மெஷினுக்குள் மாத்திரை பார்க்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "எச்சிலை எச்சிலால அலம்பறயா!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரொம்ப நாளைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது, எச்சில் யாருடையது என்பது. இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பெருமாளுக்கென்று பெரியாழ்வார் கட்டி வைத்த மாலையை ஆண்டாள் தான் சூடி அழகு பார்த்துவிட்டு வைத்தாள். ஆழ்வார் பதறிப்போய் வேறு மாலை கட்டிக்கொண்டு போனார். பெருமாள் அவள் சூடியதுதான் வேண்டும் என்றார். கதையோடு நின்றுவிடவில்லை. இன்றைக்கும் சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது போட்டுக்கொள்வது இங்கே ஆண்டாள் சூடிக் களைந்த மாலை. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்குத் திருப்பதிக்குப் போவதும் அதுவே. டி.வி.யில் அந்த மாலையைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுவார். எங்கள் ஊர் மாலை என்பார்.

ராமானுஜரின் கதையும் அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். காஞ்சியில் வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர். அவர் உண்ட சேஷத்தைத் தான் உண்ண வேண்டும் என்று ராமானுஜர் ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். நம்பி வந்தபோது ராமானுஜர் வீட்டில் இல்லை. மனைவி தஞ்சமாம்பாள் அமுது படைத்தாள். அவர் போனதும் இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, தலைக்குக் குளித்துவிட்டு வேறு தளிகை பண்ணிவைத்தாள். திரும்பி வந்த ராமானுஜருக்கு மிஞ்சியது சுத்தமான வீடு மட்டுமே. அவர் மனம் நொந்த இடங்களில் அது ஒன்று என்று குருபரம்பரை சொல்லும். ஆண்டாள் நேர்ந்துகொண்ட நூறு அண்டா வெண்ணெயையும் நூறு அண்டா அக்காரவடிசிலையும் பின்னாளில் அழகருக்குச் செலுத்தி, அவள் வாயால் அண்ணா என்று அழைக்கப்பட்டவர் அவர். அந்த அண்டாக்களைத் தேய்த்தவர்கள் யார் என்று எந்த உபன்யாசத்திலும் நான் கேட்டதில்லை.

தஞ்சமாம்பாளை வில்லியாக்குவது சுலபம். எனக்கு அவள்மேல் கோபம் வருவதில்லை. அவள் கற்ற பாடத்தை அவள் ஒழுங்காகச் செய்தாள்.

இதையெல்லாம் சொன்னால் அம்மா சும்மா இருப்பாரா? அவர் சொன்ன பதில் எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. "ஆண்டாள் பூமாதேவி. அவளோட மாலையையும் நம்ம தட்டையும் சேர்த்துப் பேசாதே. இன்னொண்ணு, நான் யாரையாவது மட்டமாச் சொன்னேனா? சாப்ட கையோட உப்பு ஜாடியைத் தொட்டா என் கையும் பத்துதான். எனக்கு நானே தீட்டு. தூக்கித்தான் குடிக்கறேன், உதட்டுல வச்சா குடிக்கறேன்? இது ஒரு கட்டுப்பாடு." தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியைச் சிவனுக்குப் படைத்த கண்ணப்பனை இழுத்துப் பார்த்தேன். "அது சிவன் கோவில் சமாசாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், அண்ணாந்து குடித்ததும் சாப்பிட்ட கையால் சமையல் பாத்திரத்தைத் தொடாததும் எத்தனையோ வயிற்றைக் காப்பாற்றியிருக்கும். தர்மசாஸ்திரமும் இந்த விஷயத்தில் பெரும்பாலும் வேதியியல்தான் பேசுகிறது. மனுவின் ஐந்தாம் அத்தியாயத்தில் உலோகப் பாத்திரங்களை அதனதற்குத் தக்கபடி காரத்தாலும் புளிப்பாலும் தண்ணீராலும் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறது. அம்மா வெள்ளிக்குச் சாம்பலும் பித்தளைக்குப் புளியும் போடுவது அந்த வழிதான். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட், புளியில் டார்டாரிக் அமிலம். மண் பாத்திரத்துக்குத்தான் எச்சில் பட்டால் போக்கிடம் இல்லை என்று அங்கே இருக்கிறது. மண் உறிஞ்சிக்கொள்ளும், நியாயம்தானே. உலோகம் உறிஞ்சாது, தேய்த்தால் தீர்ந்தது.

அப்படியானால் வினிகர் மாதிரி இங்கேயும் ஒரு சோதனை இருக்கிறது. தேய்த்த பிறகு தீர்கிறதா? அம்மாவின் கை எச்சில் அலம்பினால் தீர்கிறது. என் தட்டு அலம்பினால் தீர்கிறது. ஊரிலிருந்து வந்த தெரியாத விருந்தாளியின் தம்ளர்கூடத் தீர்ந்து உள்ளே வந்துவிடுகிறது. ஜன்னல் விளிம்புத் தம்ளர் மட்டும் எத்தனை முறை தேய்த்தாலும் தீர்வதில்லை. சாம்பல் போட்டாலும் தீராது, எழுபது டிகிரி வெந்நீரில் போட்டாலும் தீராது. அப்படித் தீராத ஒன்று தம்ளரில் ஒட்டியிருக்க வழியில்லை. அது எவர்சில்வர். மதுரை ரோட்டு டீக்கடைகளில் ஒரு காலத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த குவளைகளுக்கும் இதே சோதனையைப் போடலாம், விடை மாறாது. சாஸ்திரத்தின் உலோக விதியை இந்தத் தம்ளருக்கு மட்டும் நாம் ரத்து செய்திருக்கிறோம். இதை அம்மாவிடம் இந்த வார்த்தையிலேயே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை.

டிஷ்வாஷரின் பிறப்பும் ஒரு எஜமானி வீட்டில்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரில் ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி, தன் உயர்ந்த பீங்கான்களை வேலைக்காரர்கள் கழுவும்போது விளிம்பு உடைக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டு மெஷினை வடிவமைத்து, 1886 டிசம்பரில் காப்புரிமை வாங்கினார். பீங்கானைக் காப்பாற்றத்தான் மெஷின் வந்தது, விரலைக் காப்பாற்ற அல்ல. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தார். அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் சர்வசமய மாநாடு நடந்தது. விவேகானந்தர் பேசியது அங்கே. மெஷினை அவர் பார்த்தாரோ என்னவோ. ஆனால் 1897-ல் ஊர் திரும்பி, பாம்பனில் இறங்கி வரும் வழியில், நமக்குப் பக்கத்து மானாமதுரையில் பேசும்போது, நம் மதம் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, சமையல் பானைதான் சாமி, தொடாதே என்பதுதான் மந்திரம் என்ற பொருளில் கடுமையாகவே சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் தகப்பனாருக்கு விவேகானந்தர் மேல் மிகுந்த பக்தி உண்டாம். பானையைப் பற்றிய பேச்சு மட்டும் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் நிலவரம் இது. அம்மாவின் வெள்ளி டம்ளரும் ரசம் வைக்கிற ஈயச்செம்பும் மெஷினுக்குள் போவதில்லை. அவற்றை அவரே கையால் தேய்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கும் ஈயத்துக்கும் மெஷின் ஆகாது என்பதால் அது எனக்கும் சரி. பாக்கி எல்லாம் ஒன்றாகத்தான் போகின்றன. எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியவை. எடுத்து அடுக்கும்போது எது யாருடையது என்று அடுக்குகிறவருக்கே தெரிவதில்லை. அம்மா அந்த அடுக்கிலிருந்து எடுத்து விருந்தாளிகளுக்குக் காபி கொடுக்கிறார். தான் குடிப்பதில்லை. எண்பதைத் தாண்டியவரிடம் அதற்குமேல் நான் வழக்காடப்போவதில்லை.

உங்கள் வீட்டிலும் போர் தண்ணீரும் டிஷ்வாஷரும் இருந்தால் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்து அதற்கேற்ற அளவை வையுங்கள். உப்பறையைக் காலியாக விடாதீர்கள். வடிகட்டியைக் கழுவியபின் சரியாகத் திருகி உட்காரவையுங்கள். ஜன்னலிலோ கொல்லையிலோ தனித் தம்ளர் ஒன்று இருந்தால், அதையும் எடுத்து மற்றவற்றோடு மேல்தட்டில் கவிழ்த்து வையுங்கள்.